சொல்வதற்கு நாலு பேர்

அலன்யா,
ஜூன் 4

அன்புள்ள உல்கான் அண்ணிக்கு,

சலாம். ஜெய்னெப் எழுதுகிறேன். நானும் உங்கள் நாத்தனார் புருலும் நலம். போனில் பேசினால் பாதி நேரம் அவள் மூக்கை உறிஞ்சுவதிலேயே போய்விடுகிறது. அதனால் ஊருக்கும் இங்கேயுமாகப் பொதி சுமந்து வரும் ரக்கியாவிடம் கடிதமாகக் கொடுத்தனுப்பலாம் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். இப்போது கட்டிலில் குப்புறப் படுத்து, முதுகில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "சூடு, சூடு, சூடுன்னு மட்டும் எழுதுடி. நம்ம அட்-பாஷி மலையில இன்னும் கம்பளிச் சட்டையோட திரியறவங்களுக்கு வயிறு எரியட்டும்" என்கிறாள்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இப்போது ஒரே அறையில். ஜன்னலைத் திறந்தால் வாழைத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்கு அப்பால் விரல் அகலத்துக்குக் கடல். புருலுக்கு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. ஜெர்மானியர்கள் ஒரே ஒரு இரவு படுத்த விரிப்புகளை மலைபோல் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம். வந்த முதல் வாரம் வெந்நீர்ப்புகையில் மயங்கி விழுந்தாள். இப்போது அந்தப் புகைக்குள் நின்று மற்றவர்களுக்கு நம் ஊர் வசவுகளைக் கற்றுக்கொடுக்கிறாள்.

எனக்கு வீடு விற்கும் அலுவலகத்தில் வேலை. குளிர் நாடுகளிலிருந்து வயதானவர்கள் வருகிறார்கள். முதலாளி துருக்கிய மொழியில் சொல்வதை நான் ரஷ்ய மொழியில் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க வெயில், மூட்டுவலி போய்விடும், மனம் இளகிவிடும் என்று. சொந்தமாக ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

புருல் உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். "அப்பா இன்னும் என் மேல கோவமா? அதை மட்டும் கேளு." கிளம்பிய அன்று பெய்ஷென் மாமா அவளைப் பார்க்கவே இல்லை அல்லவா? 'என் மகள் ஊரான் படுத்த துணியை வெளுக்கவா பிறந்தாள்' என்று சொன்னது இன்னும் இவள் காதில் இருக்கிறது. போனுக்கும் அவர் வருவதில்லை. அக்டோபரில் சீசன் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஜெய்னெப்


அட்-பாஷி,
ஜூன் 24

ஜெய்னெப்,

இதைத் தனியாக இருக்கும்போது படி. அதனால்தான் ரக்கியாவிடம் உன் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னேன். புருல் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிடு.

வீட்டுப் பெரியவர் போய்விட்டார். பதின்மூன்றாம் தேதி. மறுநாள் மந்தையோடு மலை ஏற வேண்டும். மூட்டை எல்லாம் கட்டியாகிவிட்டது. குதிரைக் குளம்பைத் தூக்கி லாடம் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நான் தேநீர்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

அடக்கம் முறையாக நடந்தது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்தோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து மகள் ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்தேன். பெற்ற மகள் பாடுவதும் மாமனாரின் பெயரைக்கூடச் சொல்லக்கூடாத மருமகள் பாடுவதும் ஒன்றா? வந்தவர்கள் எல்லாரும் "பொண்ணு எங்க? பொண்ணு எங்க?" என்றே கேட்டார்கள்.

அவளுக்குச் சொல்லவில்லை. போனில் சாவு சொல்கிற வழக்கம் நமக்கு இல்லை, உனக்கே தெரியும். மூத்தவர் ஒருவர் நாலு பேரைக் கூட்டிப்போய், பெண்கள் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொள்ள, சுற்றி வளைத்து மெல்லத்தான் சொல்ல வேண்டும். அவள் பெரியப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அந்தப் புள்ள அந்நியச் சீமையில ஒத்தையா நிக்குது. காதுல விழுந்ததும் சாஞ்சா யாரு தாங்குறது? நாலு பேர் கூடாம எவனும் வாயத் திறக்கக் கூடாது." புருலின் அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். அக்டோபரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாமாம்.

அவள் போன் செய்தால் அப்பா மலைமேல் இருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை என்கிறோம். செப்டம்பரில் மந்தை இறங்கும். அதற்குமேல் இந்தப் பொய் நிற்காது. எனக்கு அதுவரை பொறுக்கவும் மனமில்லை. நாற்பதாம் நாளாவது மகளுக்குத் தெரிந்து நடக்க வேண்டாமா?

அங்கே நம் ஆட்கள் இருப்பார்கள். வயதான பெண்மணி ஒருத்தி, கூட மூன்று பேர். கண்டுபிடி. அவளுக்கு முறையாகச் சொல். உன்னை விட்டால் எனக்கு அங்கே யார்?

உல்கான்


அலன்யா,
ஜூலை 3

அண்ணி,

ஏன் என்னிடம் சொன்னீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் நின்று படித்தேன். வெளியே ஒரு கிழவர் கடல் தெரிகிற வீடு வேண்டும் என்று காத்திருந்தார். அவருக்கு மூட்டுவலி போய்விடும் என்று மொழிபெயர்த்துவிட்டு, சாயங்காலம் அறைக்குப் போனேன். புருல் எனக்காகத் தர்பூசணி வெட்டி வைத்திருந்தாள். "என்னடி மூஞ்சி? மொதலாளி திட்டினானா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் கடையில் அவளோடு நான்தான் நின்றேன். நீங்கள் பேசியது எனக்கும் கேட்டது. "மலைக்குப் போயிட்டார்மா" என்றீர்கள். அவள் போனை வைத்துவிட்டு, "மலைக்குப் போனது சரி. போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கலாம்ல. வீம்பு புடிச்ச கெழவன்" என்றாள். கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

நம் ஆட்களைக் கண்டுபிடி என்கிறீர்கள். கடையில் ரொட்டி கேட்பதற்கே வாசலில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறவள் நான். வந்ததிலிருந்து எனக்கு இங்கே புருலைத் தவிர யாரையும் தெரியாது. அவளுக்குத்தான் எல்லாரையும் தெரியும். அவளைக் கேட்காமல் அவளுக்காக ஆள் தேட வேண்டும்.

பேருந்து நிலையத்தின் பின்னால் சோனுன் என்று நம் நாட்டுத் தலாஸ் பக்கத்து அம்மா ஒருத்தி லக்மான் கடை வைத்திருக்கிறாள். அவள் இழுத்துப் போடும் நூடுல்ஸுக்கு நம் ஊர் மணம். மூன்று முறை போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தேன். நான்காவது முறை அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருடி நீ? வர்ற, கிளறுற, கண்ணத் தொடைக்கிற, போற. என் குழம்பு காரமா, இல்ல எவனாவது ஏமாத்திட்டானா?"

சொல்லிவிட்டேன். கைத்துண்டால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "நான் வர்றேன். ஆனா நான் ஒருத்தி போதாது. ஆம்பளையா ஒரு மூத்தவன் வேணும், துஆ ஓதி வேண்டிக்க. பொண்ணுங்க ரெண்டு பேர் வேணும், பிடிக்க" என்றாள்.

தேடுகிறேன் அண்ணி. வேறென்ன செய்ய முடியும்?

ஜெய்னெப்


அட்-பாஷி,
ஜூலை 15

ஜெய்னெப்,

உன் கடிதம் வந்தது. ஏன் என்னிடம் என்று கேட்டிருந்தாய். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நீ. நாலு மொழி பேசுகிறாய். ஊரே உன்னை அனுப்பி வைத்தது. ஒரு சாவைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் இல்லையா?

எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை. ஆனால் நீயும் என்னைப் புரிந்துகொள். போன ஞாயிறு புருல் போனில் நேராகவே கேட்டாள்: "அண்ணி, பொய் சொல்லாதீங்க. அப்பா என் மேல கோவத்துலதானே பேச மாட்டேங்கறார்?" பக்கத்தில் அவள் அண்ணன். எதிரில் பெரியப்பா. நான் என்ன சொல்வேன்? ஆமாம்மா, இன்னும் கொஞ்சம் கோவமாத்தான் இருக்கார் என்றேன். மண்ணுக்குள் போனவர் தலையில் கோபத்தைக் கட்டிவிட்டேன். உண்மையில் அவள் போன மறுவாரமே அவர் கோபம் போய்விட்டது, வீம்புக்குத்தான் போனுக்கு வராமல் இருந்தார். ராத்திரி வானொலியில் வானிலை சொல்லும்போது துருக்கி வருகிறதா என்று கேட்பார். அதைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை.

நாற்பதாம் நாள் வருகிறது. விருந்துக்கு அறுக்கக் குதிரை பார்த்தாகிவிட்டது. அதற்குள் சொல்லிவிடு.

உல்கான்


அலன்யா,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாற்பது கடந்துவிட்டது. என்னால் முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சுற்றுலாப் பேருந்து ஓட்டும் மிர்லான் அண்ணனைச் சோனுன் அக்கா பிடித்துக் கொடுத்தாள். ஐம்பதைத் தாண்டியவர், துஆ செய்யத் தெரிந்தவர். விடுதிச் சமையலறையில் இரண்டு பெண்களிடம் நானே போய்ப் பேசினேன். ஆனால் இது சீசன். ஒருவருக்கு விடுமுறை என்றால் இன்னொருவருக்கு வேலை. நாலு பேரும் சேர்கிற நாளில் புருலுக்கு இரவு ஷிப்ட்.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ரக்கியா இங்கே வருகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். சோனுன் அக்காவும் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆள் சேர்க்கத்தான் சொன்னேன் என்கிறாள். இப்போது அலன்யாவில் இருக்கிற நம் ஜனங்கள் எல்லாருக்கும் பெய்ஷென் மாமா இறந்தது தெரியும், அவர் மகளைத் தவிர. எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கையைக் கட்ட முடியவில்லை. சந்தையில் பழம் விற்கும் ஓஷ் நகரத்து ஆள் அவள் பையில் இரண்டு பீச் அதிகமாகப் போடுகிறார். சலவைக்கூடத்தில் அவள் தூக்க வேண்டிய மூட்டையை யாராவது தூக்கிவிடுகிறார்கள். லக்மான் கடைக்கு அவளை ஒருநாள் கூட்டிப்போனேன். சோனுன் அக்கா காசு வாங்க மறுத்து, அவள் கன்னத்தைத் தடவி, உள்ளே ஓடிப்போய்விட்டாள்.

புருல் என்ன நினைக்கிறாள் தெரியுமா? "இந்த ஊருக்கு என்னைப் புடிச்சுப்போச்சுடி! மூணு மாசம் முறைச்சுக்கிட்டு இருந்தாங்க, இப்ப பாரு. நம்ம ஊர்ல என்னை எவ இப்படிக் கொஞ்சினா?" என்கிறாள். நடையே மாறிவிட்டது. தெருவில் தலையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். துருக்கிய மொழி கற்றுக்கொடு என்று ராத்திரி என்னைத் தூங்கவிடுவதில்லை.

அக்டோபரில் அவள் வரப்போவதில்லை அண்ணி. கோட்டைமலைக்குப் பின்னால் தனியாக ஒரு அறை பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். குளிர்காலத்துக்கு மாமாவை இங்கே வரவழைக்கப் போகிறாளாம். "வருஷம் முழுக்க வெயில். ஒரு மாசம் இங்க உக்காந்தா மூட்டுவலி போயிரும், மனசும் இளகிரும். கெழவன் கோவமெல்லாம் கடல்ல கரைஞ்சுரும்" என்கிறாள். நான் அலுவலகத்தில் கிழவர்களிடம் சொல்கிற அதே வார்த்தைகள். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள்.

என்ன செய்யட்டும்?

ஜெய்னெப்


அட்-பாஷி,
ஆகஸ்ட் 13

ஜெய்னெப்,

அவள் அறை எடுத்தது ஒருவகையில் நல்லது. சாவு சொல்ல அவளுக்கென்று ஒரு கூரை வேண்டும். சலவைக்கூடத்திலோ தெருவிலோ சொல்ல முடியாது. அவள் குடிபோனதும், முதல் விடுமுறை நாளில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போ. சொன்ன பிறகு அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. சோனுன் அக்காவைச் சமைத்து எடுத்துவரச் சொல். புருல் பட்டினி கிடந்தால் அவளுக்குத் தலை சுற்றும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

மறக்காமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உல்கான்


அலன்யா,
ஆகஸ்ட் 23

அண்ணி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது போலவே போனோம். சோனுன் அக்கா ஒரு பெரிய பானையில் கறிச்சோறு கொண்டுவந்தாள். மிர்லான் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து வந்தார். சமையலறைப் பெண்கள் இரண்டு பேரும் தலைக்குத் துணி கட்டியிருந்தார்கள். மாடி ஏறும்போது சோனுன் அக்கா சொல்ல வேண்டிய வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் கடைசியில் ஏறினேன்.

புருல் கதவைத் திறந்தாள். முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள். அண்ணி, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கா? புதுக்குடி விருந்தா? எனக்குமா?" என்றாள்.

நம் ஊரில் யாராவது புதிதாகக் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் சமைத்து எடுத்துக்கொண்டு போவோமே, அது. துக்க வீட்டுக்கும் அதே பானைதான் போகும் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவும் குடிபோன அதே வாரம். அவள் வேறென்ன நினைப்பாள்?

சோனுன் அக்கா, "புருல், கண்ணு, இப்படி வந்து உக்காரு" என்று ஆரம்பித்தாள். "நீங்க உக்காருங்க அக்கா! நீங்க நிக்கலாமா?" என்று அவளைப் பிடித்து மெத்தையில் உட்கார வைத்தாள் புருல். தட்டுகள் போதவில்லை. எதிர்வீட்டுத் துருக்கியம்மாவிடம் ஓடினாள். படியில் அவள் குரல் எங்களுக்குக் கேட்டது. தெரிந்த அரைகுறை மொழியில், "என் சனங்க வந்திருக்காங்க, என் சனங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சமையலறைப் பெண்களில் ஒருத்தி, "இப்பச் சொல்லாதீங்க, என்னால முடியாது" என்றாள். இன்னொருத்தி, "இப்பச் சொல்லாம எப்பச் சொல்றது?" என்றாள். அதற்குள் புருல் தட்டுகளோடு வந்துவிட்டாள்.

சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். அவள் எல்லாருடைய தட்டிலும் கறியைத் தேடித் தேடி வைத்தாள். ஜன்னலோரக் கட்டிலைக் காட்டி, "அது அப்பாவுக்கு. கால் நீட்டினா வெயில் விழும்" என்றாள். முடித்ததும் எல்லாரும் உள்ளங்கைகளை விரித்தோம். மிர்லான் அண்ணன் துஆ சொல்ல வேண்டும். ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குத்தான் ஆசி சொன்னார். உன் வாசல் அடையாமல் இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும் என்றார். புருல் இடையில், "அப்பா சீக்கிரம் வரட்டும்னும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவர் சொன்னார் அண்ணி. "உங்கப்பா சீக்கிரம் வரட்டும்" என்றார். நாங்கள் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். புருல்தான் சத்தமாகச் சொன்னாள்.

கிளம்பும்போது சோனுன் அக்கா அவள் தலையைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கீழே தெருவுக்கு வந்ததும் மிர்லான் அண்ணன் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெய்னெப்


அட்-பாஷி,
செப்டம்பர் 10

ஜெய்னெப்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். ஐந்து பேர் போய் வயிறு நிறைய உண்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பல்லைக் கடித்தேன். இப்போது அந்தக் கோபத்துக்கும் எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.

மந்தை இறங்கிவிட்டது. புருலுக்கு நாள் தெரியும், மலையில் வளர்ந்தவள்தானே. ஞாயிறு காலையிலேயே போன் செய்தாள். "ஆடெல்லாம் வந்தாச்சுல்ல? அப்பாகிட்ட குடுங்க." குளிக்கிறார் என்றேன். "காத்திருக்கேன்." பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒரே ஒரு வார்த்தை. திட்டினாலும் பரவால்ல. திட்டச் சொல்லுங்க அண்ணி."

அவள் அண்ணன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். பெரியவர் இருமுவது போல இருமினார். அவருக்குக் குரல் அப்படியே அப்பாவுடையது. கூடாரத்துக்கு வெளியே அவர் அழுதபோதே கிழவிகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "கோவம் இல்லம்மா" என்றார். அவள் என்னவோ கேட்டாள். "வர்றேன்மா, வர்றேன்" என்றார். வைத்துவிட்டார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய், இருட்டும்வரை வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தன் வாயில் தானே அறைந்துகொண்டிருந்தார்.

நான் இப்போது பெரியப்பாவைக் கேட்கவில்லை. புருஷனையும் கேட்கவில்லை. நாலு பேரும் வேண்டாம், மூத்தவரும் வேண்டாம், முறையும் வேண்டாம். அவள் அவருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. நீ ஒருத்தியே சொல். நான் சொன்னேன் என்று சொல்.

உல்கான்


அலன்யா,
செப்டம்பர் 19

அண்ணி,

இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் புருல் வந்திருப்பாள். ஆனாலும் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று அவள் உங்களுக்குச் சொல்லமாட்டாள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே போனேன். ஜன்னலோரக் கட்டிலுக்குப் புதிய மெத்தை வாங்கிப் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தாள். "வாடி! மெத்துனு இருக்கா பாரு. கெழவன் முதுகுக்கு ஆகுமா?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "மாமா இல்லடி" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை.

"இல்லன்னா? வர மாட்டேன்னுட்டாரா?"

"செத்துப்போயிட்டார்."

சிரித்தாள். "போடி. போன ஞாயித்துக்கிழமைதான் பேசினார்."

"அது உங்க அண்ணன், கெங்கெஷ்."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எப்போது என்று கேட்டாள். ஜூன் மாதம் என்றேன். கோபம் அப்போதே தணிந்துவிட்டது, வானொலியில் இந்த ஊர் வெயிலைக் கேட்பார் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. பெரியப்பா பயந்தது போல அவள் சாயவில்லை. எழுந்து நின்றாள். நான் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள்.

பிறகு மெல்லக் கேட்டாள். "அன்னிக்கு வந்தாங்களே. அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"பழக்கடைக்காரனுக்கு?"

தலையாட்டினேன்.

"சோனுன் அக்கா என் தலையக் கட்டிப் பிடிச்சாங்களே. அது வீட்டுக்கா, அப்பாவுக்கா?"

அவள் அன்று இரவல் வாங்கிய தட்டுகளைத் துருக்கியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். விடுதியில் விரிப்புகளை மடிப்பது போல, ஓரத்தோடு ஓரம் வைத்து. "நான் நெனச்சேன் இந்த ஊருக்கு என்னைப் புடிச்சிருச்சுன்னு. எல்லாரும் பாவம் பாத்திருக்கீங்க. நீ கூடவே படுத்து, கூடவே தின்னு, பாவம் பாத்திருக்க." காலையில் அன்டால்யா பேருந்தில் ஏறினாள். நிலையம்வரை நான் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மறுநாள் சாவியை ஒப்படைக்க அந்த அறைக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே போனதும் படியில் அழுகைச் சத்தம் கேட்டது. புருல் வேலையை விட்டாள் என்ற செய்தி பரவி, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, எல்லாரும் முறையாகத் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். மிர்லான் அண்ணனும் வந்திருந்தார். பழக்கடைக்காரரும், எனக்கு முகம் தெரியாத எத்தனையோ பேரும். உள்ளே நான் மட்டும் நின்றேன். போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறைப் பெண்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். சோனுன் அக்கா அன்று சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகளை முதலிலிருந்து கடைசிவரை என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன் அண்ணி. அவர் என் அப்பா இல்லை என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டுத் துருக்கியம்மா என் அப்பாதான் இறந்துவிட்டார் என்று நினைத்து சூப் கொண்டுவந்தாள். தெருவில் இப்போது எல்லாரும் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள். இந்த ஊரில் எனக்கு ஆட்கள் ஆகிவிட்டார்கள்.

புருல் என்னிடம் இனி பேசாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே வந்தாவது அவள் அழுதாளா, அதை மட்டும் எழுதுங்கள்.

ஜெய்னெப்


அட்-பாஷி,
அக்டோபர் 2

ஜெய்னெப்,

அழவில்லை.

முற்றத்தில் கூடாரம் இல்லை, எப்போதோ பிரித்தாகிவிட்டது. பெரியப்பா நாலு பேரைக் கூட்டி வாசலில் நிறுத்தியிருந்தார். நானும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் பிடிக்கப் போனோம். "விடுங்க அண்ணி, பையில முட்டை இருக்கு, உடைஞ்சுரும்" என்றாள். கடைத்தெருவில் வாங்கி வந்திருக்கிறாள். அண்ணன் எதிரில் வந்து நின்றார். அவர் இல்லாதது போல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கல்லறைக்கும் போகவில்லை.

மகள் வந்துவிட்டாள் என்று தெரிந்து பள்ளத்தாக்கு முழுவதும் துக்கம் கேட்க வருகிறது. வருகிறவர்கள் வாசலிலேயே அழுதுகொண்டு நுழைகிறார்கள். இவள் எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரிப்பைப் போட்டு, "உக்காருங்க, உக்காருங்க" என்கிறாள். ஆட்டுக்கறி வேகிறது, ரொட்டி பொரிகிறது. யாராவது போனவரைப் பற்றிப் பேச்சை எடுத்தால், "முதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை நிரப்புகிறாள். காலியானால் மறுபடி நிரப்புகிறாள். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு ஆசி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பெரியப்பா, நாலு பேர் கூடிச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உன்னைத் திட்டுகிறார். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன்.

இன்றும் வந்திருக்கிறார்கள். உள்ளே தட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

உல்கான்